அஞ்சுவண்ணம்: ஒரு சொல்லின் வழக்கு

கொச்சி மட்டாஞ்சேரியில் பழைய அரண்மனையை அடுத்துள்ள ஒடுங்கிய தெருவுக்கு ஜூ டவுன் என்று பெயர். அத்தெருவின் கோடியில் 1568ஆம் ஆண்டு எழுந்த பரதேசி யூதர் தொழுகைக்கூடம் நிற்கின்றது. 1760இல் அமைந்த மணிக்கூண்டையும், தரையிற் பதித்த சீனத்து ஓடுகளையும் காண வருவோர் பலர். தமிழ் பயின்றார்க்கு அவ்விடத்தில் வேறொரு செல்வம் உண்டு. அத்தொழுகைக்கூடத்தார் வழிவழியாகக் காத்து வந்த செப்பேடுகளே அவை.

சேர வேந்தன் பாஸ்கர இரவிவர்மன் முயிரிக்கோட்டில், அஃதாவது இன்றைய கொடுங்கல்லூரில், வீற்றிருந்த காலத்து யூதத் தலைவன் ஒருவனுக்கு வழங்கிய பட்டயம் அது. யூதர்தம் மரபு அதனைக் கி.பி. 4ஆம் நூற்றாண்டினது என்று கூறும். எழுத்தமைதியையும் அரசர் வரிசையையும் ஆய்ந்தோர் கி.பி. 1000 அளவில் வைப்பர். எழுத்து வட்டெழுத்து, இடையிடையே கிரந்தமும் கலந்துள்ளது. மொழி தமிழா மலையாளமா என்று வழக்காடுவோர் உளர். அவ்வழக்கில் நாம் புகவில்லை. ஒரு முறைக்கு இருமுறை படித்தால் நம்மனோர்க்குப் பெரும்பகுதி விளங்கிவிடும் என்பது மட்டும் உறுதி.

விளங்குகின்றது என்று எண்ணும் இடத்திலேதான் இடறலும் உண்டு. பட்டயம் பெற்றவன் பெயர் யோசேப்பு ரப்பான். செப்பேட்டில் அது 'இசுப்பு இரப்பான்' என்று நிற்கின்றது. ரகரம் மொழிக்கு முதலில் வாராது என்பது தொல்காப்பியர் காலத்து நெறியாதலின், எழுதியவர் இகரத்தை முன்னே இட்டார். அரசனிடம் இத்துணை வரிசைகளைப் பெற்ற செல்வன், தமிழ்ச் செவிக்கு இரந்துண்பவன் ஆகிவிட்டான்! அவ்வாறே 'கோயில்' என்று வருமிடத்து அரண்மனையைக் கொள்ளவேண்டும். 'உல்கு' என்பது சுங்கம். குறளின் பொருள்செயல்வகை அதிகாரத்தில் வரும் அதே சொல். 'விடுபேறு' எழுபத்திரண்டு அளித்ததாகப் பட்டயம் கூறுகின்றது. முதலெழுத்தைச் சற்றே நீட்டினால் வீடுபேறாகி முத்தியைக் குறிக்கும். முத்தி எழுபத்திரண்டு எவர்க்கும் கிட்டாது. இதற்கு ஈடாகச் சலுகை என்பதா, உரிமை என்பதா? அரசாணைகளோடு நாள்தோறும் பழகும் நமக்கு இவ்விரண்டும் ஒன்றல்ல. சலுகையை அளித்தவரே திரும்பப் பெறலாம். உரிமையோ கேட்டுப் பெறுவது. ஆண்மக்கள், பெண்மக்கள், மருமக்கள் என்று வழிமுறைக்கும், ஞாயிறும் திங்களும் உள்ளளவுக்கும் அளித்தமையால், உரிமை என்பதே பொருந்தும்.

இவையெல்லாம் சிறு முடிச்சுகள். பெரு முடிச்சு ஒன்று உண்டு. இரப்பானுக்கு அரசன் அளித்தவற்றுள் முதலாவது 'அஞ்சுவண்ணம்'. பகல் விளக்கும், பாவாடையும், குடையும், பல்லக்கும், தோரணமும் அதன் பின்னர் வருவன. அஞ்சுவண்ணம் யாது?

1844இல் இதனை ஆய்ந்து எழுதிய ஜெர்மானிய அறிஞர் குண்டர்ட், யூதர்க்கு அளித்த ஒரு சிற்றரசு என்று கொண்டார். வேறு சிலர் ஊர் என்றனர். அஞ்சு என்பதை எண்ணாகவும் வண்ணம் என்பதைக் குலமாகவும் பிரித்து, ஐந்தொழிற் கம்மாளர் என்றவரும் உண்டு. சிற்றரசு என்ற சொல்லால் விளைந்தது பெரிது. கொடுங்கல்லூரில் யூத அரசு ஒன்று இருந்ததென்ற கதைக்கு அது சான்றாகிவிட்டது. போர்த்துக்கீசியர் காலத்தில் கொச்சிக்கு வந்து குடியேறிய அம்மக்கள், தாம் இழந்த அரசாக அதனை நினைந்து போற்றினர்.

ஈடாக வைத்த சொல் சரிதானா என்பதை வாக்கியத்தையே கேட்டறியலாம். நகரத்துக் குடிகள் அரண்மனைக்கு இறுக்கும் வரியை இரப்பான் இறுக்கவேண்டுவதில்லை. அவர்கள் பெறுவனவற்றை அவனும் பெறலாம் என்று பட்டயம் தொடர்கின்றது. உல்கும் துலாக்கூலியும் அவனுக்கு விடப்படுகின்றன. நாடாளும் ஒருவனுக்கு எடைக்கூலியை விட்டுக்கொடுப்பதாக எழுதுவார் உண்டோ? சிற்றரசு என்ற சொல் அங்கே ஒட்டவில்லை. ஊர் என்பதும் நில்லாது. கி.பி. 849ஆம் ஆண்டினதாகிய கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடுகளில், அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் சேர்ந்து பள்ளிக்குரியவற்றைக் காக்கவேண்டும் என்று உள்ளது. காவற்பொறுப்பை ஏற்பவர் மாந்தரே, ஊரன்று.

அந்தக் கொல்லத்துச் செப்பேடே விடைக்கும் வழிகாட்டுகின்றது. அதன் சாட்சிகள் அரபிய எழுத்திலும், பாரசீகரின் பகலவி எழுத்திலும், எபிரேய எழுத்திலும் கையொப்பம் இட்டுள்ளனர். எபிரேய எழுத்தில் இட்டவர்தாமும் எழுதிய மொழி பாரசீகமே. பாரசீகத்தில் 'அஞ்சுமன்' என்றால் கூட்டம், அவை. அச்சொல்லே மேலைக்கடல் துறைகளில் நடமாடி, தமிழ் நாவில் அஞ்சுவண்ணம் ஆயிற்று என்பது இன்று அறிஞர் பலரும் ஏற்கும் கருத்து. கொங்கணத்துச் சிலாகார மன்னர் பட்டயங்களில் 'ஹஞ்சமான' என வருவதும் இதுவே. பேராசிரியர் எ. சுப்பராயலு 2009இல் வெளிவந்த கட்டுரையில், மேலை ஆசியாவினின்று வந்த கடல்வணிகரின் குழு இது என்று நிறுவினார். யூதர் மட்டுமல்லர், பிற சமயத்தாரும் இதில் இருந்தனர். பல்சந்தமாலையின் எஞ்சிய செய்யுட்களில் இஸ்லாமியர் அஞ்சுவண்ணத்தார் எனப்படுதல் இதற்குத் துணை.

நம் சொல்லாகத் தோன்றிய ஐந்தும் வண்ணமும் அயற்சொல்லுக்கு நம்மவர் உடுத்திய ஆடை. மணிக்கிராமத்திலும் இரத்தினமணி ஏதுமில்லை. 'வணிக்கிராமம்' என்ற வடசொல் திரிந்தது அது.

இனி அவ்வாக்கியத்தைப் படித்துப் பார்ப்போம். அயல்நாட்டு வணிகர் குழுவின் தலைமையையும், அதற்குரிய வரிசைகளையும், சுங்க விலக்கையும் வேந்தன் ஒரு வணிகனுக்கு அளிக்கின்றான். எங்கும் தடையின்றிச் செல்கின்றது பொருள். வேணாடு முதலிய நாடுகளை உடையோர் சாட்சியாக நின்று ஒப்பிய பட்டயம் இது. மிளகு ஏற்றும் துறையொன்றின் வாணிகத்தலைவனுக்கு அவர்கள் அவ்வளவு மதிப்பளித்தனர். அரசு இல்லையென்று ஆனமையால் இரப்பானின் பெருமை குன்றியதாக நமக்குத் தோன்றவில்லை.

அஞ்சுவண்ணத்திற்கு இக்காலத் தமிழில் எச்சொல்லை இடுவது? வணிகக்குழு என்றால் கடல் கடந்து வந்தவர் என்பது விடுபடும். அயல்வணிகர் கழகம் என்றால் நீளும். அன்றியும் தலைமுறை தலைமுறையாக இம்மண்ணிலே வாழ்ந்தோரை அயலார் என்பதற்கு நா எழவில்லை. சங்கம் என்பது பொருளால் மிக நெருங்கியது. ஆயினும் நம் செவிக்கு அது மதுரையை நினைவூட்டிவிடும். பட்டயத்தை இக்காலத் தமிழில் பெயர்த்தெழுதுவோர் ஏனைய சொற்களையெல்லாம் மாற்றிக்கொள்ளலாம். இவ்வொரு சொல்லை உள்ளவாறே விட்டு, கீழே ஒரு குறிப்பு எழுதுவதே தகும் என்பது நம் கருத்து.