கடல் கடந்த கர்லாக்கட்டை

வெளிநாட்டில் குடியிருக்கும் நம் கல்லூரி நண்பர்கள் ஊருக்கு வந்து ஒன்றுகூடும்போது, பேச்சு எங்கிட்டுச் சுற்றினாலும் கடைசியில் இரண்டு விஷயங்களில்தான் வந்து நிற்கிறது. ஒன்று பிள்ளைகளின் படிப்பு. இன்னொன்று தொந்தி. "சௌக்கியமாப்பா?" என்று கேட்ட காலம் போய், "மாப்ள, சுகர் எவ்வளவு இருக்கு?" என்று கேட்கும் வயசுக்கு வந்துவிட்டோம். அதையடுத்து வரும் கேள்வியும் எல்லாருக்கும் பொதுவானதுதான். "வீட்டுலயே வச்சுச் செய்ய என்ன சாமான்டா வாங்கலாம்? அந்த ஊர்ல எங்க கிடைக்கும்?"

டிரெட்மில் என்ன விலை என்று எனக்குத் தெரியாது. நான் வரலாறு படித்துவிட்டு, பிழைப்புக்காக எட்டு வருஷம் வளைகுடாவில் கணக்கு எழுதியவன். ஆனால் தேகப்பயிற்சிச் சாமான்கள் நாடு விட்டு நாடு போன கதை கொஞ்சம் தெரியும். அந்தக் கதையில் நம்ம பக்கத்துச் சாமான் ஒன்று முக்கியப் பாத்திரமாக வருகிறது. இப்போது படிக்கிற தம்பி தங்கைகளில் பலர் அதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கர்லாக்கட்டையைத்தான் சொல்கிறேன். கடைசல் பிடித்த மரக்கட்டை. அடிப்பக்கம் பருத்து, மேலே போகப்போகச் சிறுத்து, கைப்பிடியில் முடியும். சோடா பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒரு ஜோடியை இரண்டு கையிலும் எடுத்துத் தோளைச் சுற்றி, முதுகுக்குப் பின்னால் இறக்கி, முன்னால் கொண்டுவர வேண்டும். டம்பெல்லில் பளு கைக்குள்ளேயே இருக்கிறது. கர்லாவில் பளு கையைவிட்டு ஒரு முழம் தள்ளி இருக்கிறது. அதனால்தான் இரண்டு கிலோ கட்டையும் சுற்றும்போது கனக்கும். மணிக்கட்டு, முழங்கை, தோள், இடுப்பு எல்லாம் ஒன்றாக வேலை செய்தாக வேண்டும். வடக்கே முக்தர், ஜோடி என்று இதற்குப் பெயர்கள் உண்டு. ஈரானின் பழைய பயிற்சிக்கூடங்களில் இதே ஜாதிக் கட்டையை 'மீல்' என்கிறார்கள். அந்தக் கூடத்துச் சடங்குகளை யுனெஸ்கோ 2010ல் தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆகவே 'உலகத்திலேயே நமக்கு மட்டும்தான் சொந்தம்' என்று மார்தட்ட வேண்டியதில்லை. ஆனால் ஐரோப்பாவுக்கு இது போனது நம் தேசத்திலிருந்துதான் என்பதில் சந்தேகமில்லை. பெயரிலேயே இருக்கிறதே: 'இந்தியன் கிளப்'!

இங்கே பணியில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் நம் சிப்பாய்களும் மல்லர்களும் கட்டை சுற்றுவதைப் பார்த்தார்கள். தாங்களும் பழகினார்கள். திரும்பிப் போகும்போது வித்தையைக் கூடவே கொண்டுபோனார்கள். 1834ல் டொனால்ட் வாக்கர் என்பவர் 'பிரிட்டிஷ் மேன்லி எக்ஸர்சைஸஸ்' என்று ஒரு நூல் வெளியிட்டார். தலைப்பில் பிரிட்டிஷ், உள்ளே இந்தியக் கட்டை! பிறகு பெண்களுக்கென்று அவர் எழுதிய நூலில் கனம் குறைந்த கட்டைகளைச் சிபாரிசு செய்தார். இங்கே பயில்வான்களின் பயிற்சிக்கூடங்களில் பெண்களுக்கு இடமே இல்லாத காலம் அது. அங்கே சீமாட்டிகள் வீட்டுக் கூடத்தில் நின்று நம்ம கட்டையைச் சுற்றினார்கள். இது எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

அடுத்த பயணம் அமெரிக்காவுக்கு. சிம் கெஹோ என்ற நியூயார்க் வியாபாரி 1861ல் லண்டனில் இந்தக் கட்டை சுற்றுவதைப் பார்த்துவிட்டு, ஊர் திரும்பித் தானே கடைந்து விற்க ஆரம்பித்தார். 1866ல் படங்களோடு புத்தகமும் போட்டார். பள்ளிக்கூடம், ராணுவ முகாம், வீடு என்று எல்லா இடத்திலும் கட்டை நுழைந்தது. அங்கிருந்து ஒலிம்பிக்ஸ். 1904ல் செயின்ட் லூயிஸ் நகரத்திலும், 1932ல் லாஸ் ஏஞ்சல்ஸிலும் கட்டை சுற்றுவது ஒரு பதக்கப் போட்டியாகவே இருந்தது. 1932ல் கலந்துகொண்டவர்கள் நாலே பேர். ஜெயித்த ஜார்ஜ் ராத் அப்போது வேலையில்லாத வாலிபர். தங்கப் பதக்கத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர், வழியில் போன வண்டியைக் கைகாட்டி நிறுத்தி ஏறித்தான் வீடு போய்ச் சேர்ந்தார் என்பார்கள். அதோடு அந்தப் போட்டி நின்றது. ஆனாலும் வம்சம் அற்றுப்போகவில்லை. ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸில் பெண்கள் தூக்கிப்போட்டுப் பிடிக்கிறார்களே ஒரு ஜோடிக் கட்டை, அது இதன் பேத்திதான்.

போனது போலவே வந்ததும் உண்டு. டம்பெல் நம்முடையது அல்ல. கோயில் மணியின் கயிற்றை இழுப்பது போன்ற ஒரு பயிற்சிக் கருவி இங்கிலாந்தில் இருந்தது. மணி இல்லாததால் சத்தம் வராது. ஆகவே 'ஊமை மணி' என்று பெயர். 1711லேயே ஜோசப் அடிசன் இந்தப் பயிற்சியைத் தன் பத்திரிகையில் எழுதியிருக்கிறார். பிற்பாடு பெயர் மட்டும் நின்று, பொருள் மாறிப்போனது. ஜெர்மானியரான யூஜின் சாண்டோ, ஸ்பிரிங் வைத்த டம்பெல்லையும் சுவரில் மாட்டி இழுக்கும் ரப்பர்க் கயிற்றையும் தபாலில் விற்றுப் பணம் பண்ணினார். 1904-05ல் இந்தியாவிலும் சுற்றி வித்தை காட்டினார். கையில்லாத பனியனுக்கு நாம் இன்றைக்கும் 'சாண்டோ பனியன்' என்றுதான் சொல்கிறோம். சாண்டோ சின்னப்பா தேவர் பெயரிலும் அவர்தான் இருக்கிறார். பெங்களூரில் கே.வி. ஐயர் தபால்வழியாகவே தேகப்பயிற்சி கற்றுக்கொடுத்தார். வாத்தியார் ஓர் ஊரில், சிஷ்யன் ஓர் ஊரில்! சென்னையில் 1920ல் ஹாரி பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியும், அதன் வழி வந்த டிரில் மாஸ்டர்களும் பள்ளிக்கூட மைதானங்களை மாற்றினார்கள். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், சீமைக்குப் போன கர்லாக்கட்டை 'இந்தியன் கிளப் டிரில்' என்ற பெயரில் வெள்ளைக்காரன் பாடத்திட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டு நமக்கே திரும்பி வந்ததுதான்.

போக முடியாத சாமான் ஒன்றும் நம்மிடம் உண்டு. இளவட்டக்கல். மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் மந்தையிலோ கோயில் முன்னாலோ உருண்டையாக ஒரு கல் பாதி புதைந்து கிடக்கும். பிடிமானமே இருக்காது. குனிந்து அணைத்து முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சுக்குக் கொண்டுவந்து, தோளில் ஏற்றி, பின்பக்கம் போட வேண்டும். தூக்கினவனுக்குத்தான் பெண் என்று அந்தக் காலத்தில் சொல்வார்கள். நூறு கிலோவுக்கு மேற்பட்ட கல்லும் உண்டு. இதை யார் விமானத்தில் ஏற்றுவது?

ஆனால் கல் போகாவிட்டாலும், போன இடத்திலும் கல் இருந்திருக்கிறது. ஸ்காட்லாந்து மலைநாட்டில் 'ஆண்பிள்ளைக் கல்' என்றே ஒன்று உண்டு. பையன் அதைத் தூக்கி இடுப்புயரச் சுவர்மேல் வைத்தால்தான் ஆண்பிள்ளை! ஐஸ்லாந்தில் ட்ரிட்விக் என்ற பழைய மீன்பிடித் துறைக்குப் பக்கத்துக் கடற்கரையில் நாலு கல் கிடக்கிறது: 154, 100, 54, 23 கிலோ. அந்த ஊர்ப் பெயர்களை நம்ம பாஷையில் சொன்னால் முழுப்பலம், அரைப்பலம், நோஞ்சான், உதவாக்கரை. குறைந்தது 54 கிலோ கல்லையாவது தூக்கினால்தான் படகில் வேலை. எந்த நாட்டுக் கிராமமானாலும் மனுஷன் பலத்தை அளக்கக் கல்லைத்தான் தேடியிருக்கிறான். ரஷ்யாவில் தானியம் நிறுத்த எடைக்கல்லைச் சந்தைக்காரர்கள் தூக்கி விளையாடியதிலிருந்துதான் இன்று ஜிம்முக்கு ஜிம் கிடக்கும் 'கெட்டில்பெல்' வந்தது. நம்ம கீழமாசி வீதி மளிகைக் கடைகளில் கிடந்த எடைக்கல்லுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை.

நம் ஜனங்கள் புலம்பெயர்ந்தபோது என்ன கொண்டுபோனார்கள்? மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குப் போனவர்கள் சிலம்பம் கொண்டுபோனார்கள். அதற்குச் சாமான் தேடி அலைய வேண்டியதில்லை. பிரம்பும் மூங்கிலும் அந்த மண்ணிலேயே விளைகின்றன. வித்தை மட்டும் மூளையில் இருந்தால் போதும். மலேசியாவில் இன்றும் சிலம்பம் உயிரோடு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். 1888ல் லண்டனுக்குப் படிக்கப் போன காந்தி எந்தச் சாமானையும் தேடவில்லை. வண்டிச் சத்தத்தை மிச்சம் பிடித்து நாளைக்கு 8, 10 மைல் நடந்தார். அந்த நடைதான் நோய் நொடியில்லாமல் தன்னைக் காப்பாற்றியது என்று சுயசரிதையிலே சொல்கிறார். நம்ம மேலமாசி வீதியில் 1921ல் மேல்சட்டையை விட்டு அரையாடைக்கு வந்தபோது வெளியே தெரிந்தது அப்படி நடந்து நடந்து வைரம் பாய்ந்த உடம்புதான். கனடா விமானப்படை 1950களின் இறுதியில், சாமான் செட்டு இல்லாத தூரத்து முகாம்களில் இருந்தவர்களுக்கென்றே 'ஃபைவ் பி.எக்ஸ்.' என்ற திட்டம் வகுத்தது. ஐந்தே பயிற்சி, 11 நிமிஷம். அதைப் பார்த்தால் நம்ம தண்டால், பஸ்கியின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும்.

வளைகுடாவில் எங்கள் அறையில் எட்டுப் பேர். மாடிக் கட்டில்கள். விமானத்தில் 20 கிலோதான் அனுமதி. ஒரு ஜோடி டம்பெல் எடுத்துப் போனால் ஊறுகாய்க்கும் பொடிக்கும் இடமிருக்காது. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து 'புல்வொர்க்கர்' வாங்கி வந்த ஒரு அண்ணன் இருந்தார். எட்டுப் பேருக்கும் அது ஒன்றுதான், முறை போட்டு இழுத்தோம். மற்றபடி தண்ணீர்க் கேன்தான் எங்கள் இளவட்டக்கல். நிரம்பினால் 19 கிலோ. இதைக் கேட்டுச் சிரிக்கிற அமெரிக்க நண்பர்களுக்கு 2020 மார்ச், ஏப்ரலை ஞாபகப்படுத்துகிறேன். கொரோனாவில் ஜிம்மெல்லாம் பூட்டினார்கள். டம்பெல்லும் கெட்டில்பெல்லும் கடை கடையாகத் தேடினாலும் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் யானை விலை. வார்ப்பிரும்புச் சாமானில் பெரும்பங்கு சீனாவிலிருந்து வர வேண்டியிருந்தது. அப்போது 20 பவுண்டு அரிசிப் பையைத் தோளில் வைத்துப் பஸ்கி எடுத்தவர்கள் நம்மாட்களிலேயே எத்தனையோ பேர்.

இது தமாஷ் இல்லை. நம்மவர் உடம்புக்கு அளவுகோலே வேறு. கிலோ கணக்கில் எடையை எடுத்து, மீட்டர் கணக்கில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. வெள்ளைக்காரர்களுக்கு 25க்கு மேல் என்றால் எச்சரிக்கை. ஆசியர்களுக்கு 23லேயே கவனம் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004ல் சொல்லிவிட்டது. இந்தியாவில் நீரிழிவுக்காரர்கள் 10.1 கோடி என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023ல் கணக்குச் சொன்னது. வெளியே ஒல்லியாகத் தெரியும், வயிற்றில் மட்டும் கொழுப்பு சேரும். இது சிகாகோவில் இருந்தாலும் சிம்மக்கல்லில் இருந்தாலும் ஒன்றுதான்.

இப்போது வெளிநாட்டுக் கடைகளில் இரும்பிலும் கர்லாக்கட்டை விற்கிறார்கள், டாலர் விலைக்கு. வாங்குகிறவர்கள் வாங்கட்டும். ஆனால் ஊருக்கு வந்திருக்கும்போதே கட்டில் கால் கடைகிற ஒரு கடைசல் பட்டறையில் அளவு சொல்லி ஒரு ஜோடி செய்துகொள்ளலாமே என்பதுதான் என் யோசனை. முதலில் கையெடுப்பவர்களுக்கு ஒரு கட்டை இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டாம். மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்; இல்லையென்றால் குளிர்நாட்டு ஹீட்டர் சூட்டில் வெடிக்கும். சுற்றும் முறையைத் தெரிந்தவரிடம் நேரில் பழகிக்கொள்ளுங்கள். தோளில் வலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடுவது நல்லது. பெண்களும் தாராளமாக எடுக்கலாம். நெல்லைச் சீமையில் வடலிவிளைப் பொங்கல் போட்டியில் இப்போது பெண்களே இளவட்டக்கல் தூக்குகிறார்கள்!

விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள், தடி என்று பிடுங்கிக்கொள்வார்கள். பெரிய பெட்டியில்தான் போட வேண்டும். ஆஸ்திரேலியா போகிறவர்கள் மரச்சாமான் என்று படிவத்தில் மறக்காமல் எழுதுங்கள். ஒரு பழைய வேட்டியைச் சுற்றி நடுவில் வையுங்கள். ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.