காரன்வாலிஸ் பிரபுவின் உருவச் சித்திரங்கள்

காரன்வாலிஸ் பிரபு (1738–1805) 1760இல் காமன்ஸ் சபை உறுப்பினராகி, 1762இல் தந்தையின் பட்டமெய்திப் பிரபுக்கள் சபை புகுந்து, 1786 முதல் 1793 வரை கவர்னர் ஜெனரலாக விளங்கிய ஆங்கில உயர்குடியினர். ஹைதர் அலி 1766இல் எழுப்பி, 1783இல் புல்லர்ட்டனும் 1790இல் ஸ்டூவர்ட்டும் கைப்பற்றிய பாலக்காட்டுக் கோட்டையும் மலபாரும், இடுக்கி மலைகளுக்குக் கிழக்கேயுள்ள திண்டுக்கல் சீமையும் கிழக்கிந்தியக் கும்பினியார்க்கு உரியவையானது இவர் 1792இல் மைசூரை ஆண்ட திப்பு சுல்தானுடன் செய்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையாலேயாதலின், இவருடைய சித்திரங்கள் இப்பிரதேச சரித்திரத்தோடும் சம்பந்தமுடையன.

1781இல் அமெரிக்காவின் யார்க்டவுனில் தோற்றுச் சரணடைந்தவரை 1783இல் கெயின்ஸ்பரோ தீட்டினார். அப்படம் லண்டன் தேசிய உருவப்படசாலையில் உள்ளது.

சித்திரங்கள் பெருகியது 1792க்குப் பின்னரே. உடன்படிக்கைப் பணமாகிய 3 கோடியே 30 லட்சம் ரூபாய்க்கு ஈடாகத் திப்பு சுல்தானின் இரு குமாரர், ஏறக்குறைய பத்தும் எட்டும் வயதினர், அவ்வாண்டு பிப்ரவரி 26ஆம் நாள் பிணையாக ஒப்புவிக்கப்பட, காரன்வாலிஸ் அவர்களைக் கைபிடித்து அழைத்துச்சென்று ஆளுக்கொரு பொற்கடிகாரம் அளித்த காட்சியை ஓவியர் பலர் விரும்பி வரைந்தனர். அவருள் ராபர்ட் ஹோம் படையுடன் சென்றவர். தம் படத்தின் ஓரத்தில், சித்திரக்கட்டைக் கையிலேந்தித் தாமும் நிற்கிறார். எனினும் அவர் கண்டவாறே யாவற்றையும் வரைந்தாரென்று துணிதற்கில்லை. அக்காட்சியை வரைந்த மற்றோர் ஓவியரான மேதர் பிரவுனோ இந்தியாவையே கண்டதில்லை. தந்தையைப்போல் கனிந்த பிரபு, வெண்ணுடையும் முத்துமாலையுமாய் நிற்கும் சிறுவர், யானைகள், கூடாரங்கள் என இவை மனத்தைக் கவர்வன. ஆயின், கைமாறிய நாட்டின் குடிகளுக்கு இவற்றில் இடமில்லை.

தாமஸ் பாங்க்ஸ் செதுக்கிய சலவைக்கல் சிலை 1800இல் சென்னைக் கோட்டையில் நிறுவப்பட்டது. அதன் பீடத்திலும் அப்பிணைக் காட்சியே புடைப்பாக அமைந்துள்ளது. இளமையில் விளையாட்டில் அடிபட்டதால் பிரபுவுக்கு நேர்ந்த மாறுகண்ணைச் சிற்பி மறைக்கவில்லை என்பர் சிலர். பார்ப்பவர் நிற்கும் கோணத்தைப் பொறுத்தது அது என்றலும் பொருந்தும்.

லண்டன் நகரசபைக்காகக் காப்லி ஒரு படம் வரைந்தார். 1805இல் காஜிப்பூரில் காலமான பிரபுவின் சமாதியில் பிளாக்ஸ்மனின் சிற்பவேலை உண்டு. பன்முறை இடம் மாறிய பாங்க்ஸின் சிலை இப்போது சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் உள்ளது. பிணையாகச் சென்ற இளவரசர் இருவரும் 1794இல் தந்தையிடம் மீண்டனர். பாலக்காடு திப்புவிடம் மீளவில்லை.