கவ்வாத்து: கத்திக்கு முன் வேரைப் பாருங்கள்
பூண்டுலோயா மலைகளில் தேயிலை இடுப்பளவில் நிற்பது அதன் இயல்பால் அல்ல, கவ்வாத்தால். கத்தி படாமல் விட்டால் அது பல மீற்றர் உயர மரமாகும். பூத்துக் காய்க்கும், கொழுந்து கைக்கு எட்டாது.

தாழ்நிலத்தில் சுமார் 3 ஆண்டுக்கு ஒருமுறையும், வளர்ச்சி மெதுவான மலையகத்தில் 4, 5 ஆண்டுக்கு ஒருமுறையும் கவ்வாத்து வெட்டுவார்கள். வெட்டிய செடியில் உணவு தயாரிக்க இலை இருக்காது. வேரில் சேர்ந்துள்ள மாப்பொருளை நம்பித்தான் புதுத் தளிர் வரவேண்டும். அதனால் வெட்டுமுன் பென்சில் தடிப்புள்ள வேரொன்றை அறுத்து அயடீன் தடவிப் பார்ப்பார்கள். வெட்டுவாய் கருநீலமானால் கையிருப்பு உண்டு. நிறம் மாறாவிட்டால் சில வாரம் கொழுந்து பறிக்காமல் செடியை ஆறவிட வேண்டும். வறட்சியில் வெட்டினால் செடியே பட்டுப்போகலாம். ஓரத்தில் ஒன்றிரண்டு இலைக்கிளைகளை விட்டு வெட்டுவது, தளிர் வரும்வரை செடிக்கு மூச்சுவிட உதவும்.

வெட்டிய மலையில் சில மாதம் கொழுந்து இல்லை. நாள் தள்ளிப்போட நிர்வாகத்துக்கு ஆசை வருவது இதனால்தான். ஆனால் தள்ளத் தள்ள, வளர்ச்சி நின்ற மொட்டுகள்தான் கூடும்.

மிலாறு பற்றித்தான் தகராறு. நிரைகளுக்கு நடுவே கிடந்தால் அது மண்ணுக்குப் பசளை, சரிவில் மண்ணரிப்புக்குத் தடை. லயத்து அடுப்புக்கோ அதுவே விறகு. மாற்று எரிபொருளுக்கு வழி செய்யாமல் தொழிலாளியைத் தடுப்பது நியாயமல்ல. தடித்த கட்டைகளை வீட்டுக்குக் கொடுத்து, இலையையும் மெல்லிய குச்சிகளையும் மலையிலேயே விடலாம்; சத்து அதிகமிருப்பது இலையில்தான்.