ஆறுவது நட்சத்திரமா, கருவியா?

1999 ஆகஸ்டில் சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கியின் முதல் படம் வெளியானது. படத்தில் இருந்தது காசியோபியா ஏ, சுமார் 11,000 ஒளியாண்டு தூரத்தில் வெடித்துச் சிதறிய ஒரு நட்சத்திரத்தின் மிச்சம். வெடிப்பின் ஒளி பூமிக்கு வந்தே 350 ஆண்டுகள்தான் ஆகியிருக்கும். சிதறலின் நடுவில் அதுவரை யாரும் பார்த்திராத ஒரு புள்ளி. இளம் நியூட்ரான் நட்சத்திரம்.

தொலைநோக்கியின் பெயருக்குரியவர் நம்ம சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர். 1930-ல், பத்தொன்பது வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது தொடங்கிய கணக்குதான் வெண்குள்ளன்களின் நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று காட்டியது. சூரியனைப் போல 1.4 மடங்கு. அதைத் தாண்டினால் என்னவாகும்? நட்சத்திர வெடிப்பில் நியூட்ரான் நட்சத்திரம் பிறக்கலாம் என்று 1934-ல் பாடேயும் ஸ்விக்கியும் எழுதினார்கள்.

பிறந்த சூடு ஆறாத அந்த மேற்பரப்பு பல லட்சம் டிகிரியில் இருக்கும். இரும்பு உலையில் சிவப்பாக ஒளிர்வதுபோல இது எக்ஸ்-கதிரில் ஒளிரும். 1964-ல் நண்டு நெபுலாவை நிலா மறைத்தபோது, ஹெர்பர்ட் ஃப்ரீட்மன் குழு ராக்கெட்டில் கருவி அனுப்பிப் பார்த்தது. கதிர் ஒரு புள்ளியிலிருந்து வந்தால் சட்டென்று அணைய வேண்டும். ஆனால் மெல்ல மெல்லத்தான் மங்கியது. வந்தது நெபுலாவின் கதிர்.

அதனால்தான் காசியோபியா புள்ளி அத்தனை முக்கியம். 2010-ல் கிரெய்க் ஹைன்கேயும் வின் ஹோவும், பத்தாண்டுகளில் அதன் வெப்பநிலை சுமார் 4 சதவீதம் இறங்கியிருப்பதாக அறிவித்தார்கள். வெறும் 21 லட்சம் டிகிரி மேற்பரப்பைப் பார்த்து, உள்ளே நியூட்ரான்கள் மீபாய்மமாக மாறுகின்றன, அப்போது கிளம்பும் நியூட்ரினோக்கள் சூட்டை அள்ளிக்கொண்டு போகின்றன என்று 2011-ல் இரண்டு குழுக்கள் விளக்கின.

ஒரகடம் ஆலைகளுக்கு மென்பொருள் எழுதும் எனக்கு இதற்கு அடுத்த கட்டம்தான் ரொம்பப் பிடிக்கும். இங்கே திரையில் சூடு இறங்கினால் ஷிஃப்ட்காரர் கேட்கும் முதல் கேள்வி, "உலை ஆறுதா, சென்சார் போச்சா?" சந்திராவிலும் அதே கேள்வி வந்தது. கண்டறியும் கருவியின் வடிகட்டிமேல் ஆண்டுக்காண்டு அழுக்குப் படலம் சேர்ந்து, ஆற்றல் குறைந்த எக்ஸ்-கதிர்களை விழுங்குகிறது. 2013-ல் போசெல்ட், பாவ்லோவ் குழு வேறு முறையில் அளந்தபோது சரிவு குறைவாக இருந்தது. சரிவே இல்லாமலும் இருக்கலாம் என்றார்கள். பின்னர் ஹோ பங்கேற்ற ஆய்வுகளிலும் வேகம் குறைந்தது.

மீபாய்மக் கதை பொய்யாகிவிடவில்லை. அதைத் தாங்கும் எண்தான் சிறுத்திருக்கிறது. 2000-ல் எடுத்த மூலத் தரவு அப்படியே காப்பகத்தில் இருப்பதால், படலத்தின் கணக்கு திருந்தும்போதெல்லாம் அந்த நட்சத்திரத்தின் பழைய சூட்டையும் மறுபடி அளக்க முடிகிறது.