மகுடம் யார் கைக்கு?

திருநெல்வேலிப் பக்கத்துச் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் நடுச்சாமம் தாண்டியும் ஊரைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது ஒரு ஜோடித் தோற்கருவி. மகுடம் என்று பெயர். பார்வைக்குப் பறை மாதிரியே இருக்கும்: வட்டமான மரச்சட்டம், ஒரு பக்கம் மட்டும் தோல். பறைக்குக் குச்சி வேண்டும், மகுடத்துக்குக் கை போதும். மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு விரலாலும் உள்ளங்கையாலும் தட்டுகிறார்கள். ஜோடியில் ஒன்று உச்சம், இன்னொன்று மந்தம். உச்சம் கேள்வி கேட்பது போல எகிறும். மந்தம் அடியில் நின்று தாங்கும். இரண்டில் ஒன்று வராவிட்டால் அன்றைக்குக் கொடையில் ஆடும் கணியான் கூத்து இல்லை.

தலைமுறை தலைமுறையாக இந்தத் தோலைத் தொட்டவை கணியான் சமூகத்து ஆண்களின் கைகள் மட்டுமே. தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிற சிறிய சமூகம் அது. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் சிதறி வாழ்கிறார்கள். இப்போது அந்த வீடுகளின் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகிறார்கள். மறுபக்கம், எந்தக் கணியான் வீட்டோடும் உறவில்லாத இளைஞர்கள் மகுடத்தைக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார்கள். அவர்களைச் சேர்க்கலாமா? சேர்ப்பதென்றால், வா என்று சொல்ல வேண்டியது யார்? மகுடம் வந்த வழியைப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன்.

அந்த வழி எருமைக்கன்றின் தோலில் தொடங்குகிறது. தோலின் ரோமத்தையும் கொழுப்பையும் சுரண்டி எடுக்க வேண்டும். ஊறவைத்து, இழுத்து, காயவைக்க வேண்டும். கையில் நாற்றம் ஒட்டிக்கொள்ளும் வேலை அது. வேம்பு போன்ற மரத்தில் செய்த சட்டத்தின் மேல் தோலை இழுத்து ஒட்டுவார்கள். தோற்கருவிகளுக்குப் பசை என்றால் இந்தப் பக்கத்தில் புளியங்கொட்டைதான். வறுத்து, தோல் நீக்கி, அரைத்துக் காய்ச்சினால் பிடிக்கிற பிடியைக் கடைப் பசை தராது. அப்புறம் நெருப்பு. தட்டுவதற்கு முன் ஓலையையோ சருகையோ கொளுத்தி, தோலைத் தீக்கு மேலே சுற்றிச் சுற்றிக் காட்டுவார்கள். எவ்வளவு காட்டுவது என்பதற்கு அளவுகோல் எதுவும் கிடையாது. தட்டிப் பார்த்து, காதில் கேட்டு, மறுபடி காட்ட வேண்டியதுதான். பனி இறங்குகிற ராத்திரியில் ஒரே தோலை நாலைந்து தடவை காய்ச்ச வேண்டிவரும். பறையில் இப்போது இரும்பு வளையமும் ஃபைபர் தோலும் வந்துவிட்டன. அவை நெருப்புக் கேட்பதில்லை, மழைக்கும் அஞ்சுவதில்லை. சொகுசுதான். ஆனால் தீயில் காய்ந்த தோல் எழுப்புகிற சத்தத்தில் ஒரு சூடு உண்டு. அதைக் கேட்டுப் பழகிய காது ஃபைபரை ஏற்றுக்கொள்ளாது.

அடுத்து மகுடம் போகிற இடம் கொடை. பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் செவ்வாயும் வெள்ளியும் பார்த்துத் தாமிரபரணிக் கரை ஊர்களில் கொடை நடக்கும். ஊர்க்காரர்கள் வரி போட்டுப் பணம் சேர்த்து, நையாண்டி மேளத்துக்கும் வில்லுப்பாட்டுக்கும் கணியானுக்கும் தனித்தனியாக முன்பணம் கொடுத்துவிட்டு வருவார்கள். குழுவின் தலைவர் அண்ணாவி. கதை முழுவதும் அவர் நாக்கில்தான் இருக்கும். பின்பாட்டுக்காரர், ஜால்ரா, மகுடக்காரர்கள் இருவர், பெண் வேடம் கட்டிக் காலில் சலங்கையோடு ஆடும் இருவர். எல்லாரும் ஆண்கள். சிற்றாறு தாமிரபரணியில் வந்து சேருகிற சீவலப்பேரியில் சுடலைக்குப் பெரிய கோயில் இருக்கிறது. அங்கேயாகட்டும், வயலோரத்தில் மண்பீடம் மட்டும் நிற்கிற சின்னக் கோயிலாகட்டும், மகுடத்தின் வேலையில் வித்தியாசம் கிடையாது. அண்ணாவி ஒரு வரியை இழுத்து நிறுத்துகிற இடத்தில் தோல் பேச வேண்டும். சாமியாடியின் உடம்பு நடுங்கத் தொடங்கினால் நடை மாற வேண்டும். எந்த நேரத்தில் எந்தச் சாமிக்கு எந்த நடை என்பதை எழுதிவைத்த புத்தகம் கிடையாது. மகுடக்காரர் சாமியாடியின் தோளைப் பார்த்து அடிக்கிறார்.

மகுடத்தின் பயணத்திலேயே கனமான இடம் கைவெட்டு. காப்புக் கட்டிய கணியான் தன் கையைக் கீறி, சொட்டும் ரத்தத்தைப் படையலில் சேர்க்கிற சடங்கு அது. சோற்றைத் திரளையாக உருட்டி எறிவதும் அதே சடங்கு வரிசையில் வரும். அந்தச் சமயம் மகுடம் அடிக்கும் அடி கேளிக்கைக்கானது அல்ல. கூட்டத்தின் கண்ணெல்லாம் அந்தக் கையின் மேல் இருக்கும். இந்த ரத்தத்தை இந்தச் சமூகம் மட்டும்தான் கொடுத்து வந்திருக்கிறது. ஊருக்குச் சாமி அருள் வேண்டும் என்றால் கீறுபடுவது கணியான் கை. கூத்து முடிந்து பொழுது விடிந்தால், அதே ஊரில் அவருக்கு எந்தத் திண்ணையில் இடம் கிடைத்தது என்பது இன்னொரு கதை. இவ்வளவையும் சுமந்து வந்த கருவியைப் பற்றிப் பேசும்போது, கலை எல்லாருக்கும் பொது என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட என் மனம் ஒப்பவில்லை.

பிறகு மகுடம் மேடை ஏறியது. நெல்லை மண்ணில் அதற்கு வழி போட்டவர்கள் ஆய்வாளர்கள். நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை 1967இல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். 1969இல் ‘ஆராய்ச்சி’ இதழைக் கொண்டுவந்தார். கொடையில் பாடுகிற கதைகளும் படிக்க வேண்டிய இலக்கியமே என்பதை நிலைநாட்டியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பின்னால் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் தனித் துறையாகவே வளர்ந்தது. 2007இல் சென்னை சங்கமம் விழா தொடங்கிய பிறகு கிராமத்துக் கலைகள் தலைநகரின் பூங்காக்களுக்கும் தெருக்களுக்கும் வந்தன. மேடையால் கலைஞருக்குக் கொஞ்சம் பணமும் மரியாதையும் கிடைத்தன. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி முழுக்க விரிய வேண்டிய கூத்து அங்கே அரை மணி நேரத்துக்குள் அடங்கியது. சாமியாடி இல்லாததால் மகுடக்காரருக்குப் பார்க்கத் தோளும் இல்லாமல் போயிற்று.

கற்றுக்கொள்ள வருகிற வெளியாட்கள் பலரும் மகுடத்தை முதலில் பார்ப்பது இப்படி ஒரு மேடையில்தான். அதனால் நாலு நடையைக் கற்றுக்கொண்டதும் கலையைக் கற்றாயிற்று என்று நம்பிவிடுகிறார்கள்.

வெளியாளைச் சேர்ப்பதா என்ற கேள்வி வேறு இடங்களிலும் எழுகிறது. அமெரிக்காவில் டிரம் அண்ட் பியூகல் கோர் என்ற மேளக் குழுக்கள் உண்டு. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களின் சங்கங்கள் அவற்றை வளர்த்தன. பின்னால் அவை இளைஞர்களின் போட்டிக் குழுக்களாயின. இருபதுகளின் தொடக்கத்திலேயே வயது வரம்பு வந்து வெளியே போக வேண்டும். வெளியேறியவர்கள் சேர்ந்து பழைய உறுப்பினர் குழு அமைக்கும்போது, அன்று எங்களோடு அணிவகுத்தவர்களுக்கு மட்டும்தான் இடமா, ஆசையோடு வருகிற யாரையும் சேர்ப்பதா என்ற வழக்கு வருகிறது. ஆள் குறையக் குறையக் கதவைத் திறக்க வேண்டித்தான் இருக்கிறது. அங்கே யாரும் பிறப்பால் உறுப்பினர் ஆகவில்லை, விரும்பிச் சேர்ந்தார்கள். யாரும் யாரையும் சேரச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் இல்லை. நம்மூர்த் தோலில் சங்கதி நேர்மாறு. பிறப்பு என்கிற ஒரே விதி, வெளியாளை உள்ளே விடாமல் நிறுத்தியது; உள்ளே பிறந்தவனை வெளியே போகவும் விடவில்லை.

பறையின் கதை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. சாவு வீட்டுக்கு அடிக்கத்தான் வேண்டும் என்று ஊர் கட்டாயப்படுத்தியபோது, அடிக்க மாட்டோம் என்று மறுத்து அடி வாங்கிய தலைமுறைகள் உண்டு. பறையைத் தூக்கிப் போட்டதே அவர்களுக்கு விடுதலை. அதற்குப் பிறகு, 1990களிலிருந்து திண்டுக்கல்லின் சக்தி கலைக் குழுவில் தலித் பெண்கள் அதே பறையைத் தாங்களாக விரும்பிக் கையில் எடுத்தார்கள். பெண் தொடக்கூடாது என்றிருந்த கருவி அது. 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவரிடம் பல சமூகத்துப் பிள்ளைகளும் கற்றிருக்கிறார்கள். இந்த வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன். மறுக்கும் உரிமை முதலில் கிடைத்தது, விரும்பி எடுக்கும் உரிமை அடுத்து வந்தது, மற்றவர்கள் சேர்ந்தது அதற்கும் பிறகு. வரிசை புரண்டால், வேண்டாத சுமையை ஒருவர் தலையில் வைத்துவிட்டு அதன் அழகை மட்டும் இன்னொருவர் எடுத்துக்கொண்டதாகிவிடும்.

வெளியாள் ஒருவர் எப்படிச் சேர வேண்டும் என்பதற்குத் தாமிரபரணிக் கரையிலேயே ஒரு கதை இருக்கிறது. வில்லுப்பாட்டில் காலங்காலமாகப் பாடப்படுகிற முத்துப்பட்டன் கதை. வானமாமலை (நா.வா.) அதைப் பதிப்பித்தார். பாபநாசம் மலைக்காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்கள் இருவரின் பாட்டைக் கேட்டு மயங்குகிறான் முத்துப்பட்டன் என்ற பிராமணன். மணம் முடித்துக் கொடு என்று அவர்கள் தகப்பன் வாலப்பகடையிடம் கேட்கிறான். வாலப்பகடை உடனே சம்மதிக்கவில்லை, நிபந்தனை போடுகிறான். குடுமியை எடு, பூணூலை அறு, தோல் வேலை கற்றுச் செருப்புத் தைத்துக்கொண்டு வா. முத்துப்பட்டன் அத்தனையும் செய்கிறான். பிறகு மாமனாரின் மாட்டுக் கிடையைக் காக்கப் போய்க் கள்ளர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக அவன் நிற்கிறான். ஆடி அமாவாசைக்கு மலை ஏறுகிற கூட்டம் அவனுக்குச் செருப்பைக் காணிக்கையாகப் போட்டுவிட்டு வருகிறது.

அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்று சொல்லும் வடிவமும் உண்டு. அது பின்னால் சேர்த்த ஒட்டு என்பது நா.வா.வின் கருத்து, எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. மேல்சாதிக்காரன் ஒருவன் கீழே இறங்கிவந்து தோல் தொட்டான் என்பதை யாரோ சிலரால் தாங்க முடியவில்லை. அதனால் பெண்களின் பிறப்பையே மாற்றிவிட்டார்கள்.

மகுடத்துக்கு நான் கேட்பது வாலப்பகடையின் நிபந்தனையைத்தான். எந்தச் சாதியாக இருந்தாலும், ஆணோ பெண்ணோ, யார் வேண்டுமானாலும் சேரலாம். அண்ணாவி ஒருவரிடம் போய்ச் சேர வேண்டும். தோல் சுரண்டுவதிலிருந்து தொடங்க வேண்டும்; தீக்கு முன்னால் உட்கார்ந்து காதைப் பழக்க வேண்டும்; கொடைகளில் பொழுது விடியும்வரை நிற்க வேண்டும். குழுவுக்கு எந்தப் பந்தியில் சோறு போடுகிறார்களோ அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கைவெட்டும் திரளையும் வேறு விஷயம். அவற்றைத் தொடர்வதா, விடுவதா, வேறு யாருக்காவது தருவதா என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் அந்த ரத்தத்தைக் கொடுத்து வந்தவர்கள். கல்லூரிக்கோ விழாக் குழுவுக்கோ எனக்கோ அதில் வாக்கு இல்லை.

கணியான் வீட்டுப் பையன் ஒருவன் தனக்கு மகுடம் வேண்டாம், வங்கி வேலைக்குப் போகிறேன் என்றால், கலை அழிகிறதே என்று அவனிடம் யாரும் புலம்பக் கூடாது. காப்பாற்றும் கடமை அவன் ஒருவன் தலையில் இல்லை. அவன் விட்டுப்போன இடத்துக்கு வருகிறவர், யாரிடம் கற்றேன் என்று மேடையில் முதலில் அண்ணாவியின் பெயரைச் சொல்லட்டும். கிடைக்கிற பணத்தில் அண்ணாவிக்குப் பங்கு போகட்டும். கற்றுத் தரும் நாட்களுக்கு, கொடை இல்லாத மாதங்களிலும், அரசின் கலை பண்பாட்டுத் துறையோ பல்கலைக்கழகமோ அவருக்கு ஆசிரியர் சம்பளம் கொடுக்கட்டும். இன்னாரைச் சேர்த்துக்கொள், இன்னாரைத் திருப்பி அனுப்பு என்று அவருக்குச் சொல்கிற அதிகாரம் மட்டும், சம்பளம் கொடுக்கிறவர் உட்பட, யாருக்கும் இருக்கக் கூடாது.