ஆராய்ச்சி மணியும் தனிநபர் மசோதாவும்

திருவாரூர்க் கோயிலுக்குச் சென்றவர்கள் அங்குள்ள கல்தேரைப் பார்த்திருப்பார்கள். கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்து நீதி கேட்டதையும், மனுநீதிச் சோழன் தன் மகனையே தேர்க்காலில் இட்டதையும் சொல்லும் சிற்பம் அது. சிலப்பதிகாரம் இக்கதையைச் சுட்டுகிறது; பெரியபுராணம் விரித்துரைக்கிறது. சோழநாட்டிலிருந்து சென்று அனுராதபுரத்தில் ஆண்ட எல்லாளனைப் பற்றி மகாவம்சமும் இதே கதையைக் கூறுகிறது. வரலாறா தொன்மமா என்ற விவாதத்தை விட்டுவிட்டு, இக்கதையின் ஒரு கூறை மட்டும் நாம் இங்கே கருதலாம். அந்தப் பசு யாரையும் இடையில் வைத்துக்கொள்ளவில்லை. கயிற்றைத் தானே இழுத்தது. முடியாட்சி போய்ச் சட்டமன்றங்கள் வந்த பிறகு அவ்வழி அடைபட்டது. வாக்கில்லாத உயிருக்காக வாக்குள்ளவர் ஒருவர் சென்று கேட்டாக வேண்டும். அப்படிக் கேட்டவர்களின் வரலாறு நம் நாட்டில் அதிகம் எழுதப்படவில்லை.

உலக அளவில் இதன் தொடக்கமாக 1822இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய கால்நடைச் சட்டத்தைச் சொல்வதுண்டு. அதைக் கொண்டுவந்தவர் ரிச்சர்ட் மார்ட்டின் என்னும் உறுப்பினர். சட்டம் ஏட்டளவில் நின்றுவிடக் கூடாது என்று கருதிய குடிமக்கள் சிலர் 1824இல் அவருடன் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். இந்தியாவில் 1861இல் கல்கத்தாவில் அத்தகைய சங்கம் தோன்றியது. 1890இல் பிராணிவதைத் தடைச் சட்டம் வந்தது. சுதந்திரம் அடைந்தபோது நம்மிடம் இருந்தது அந்தப் பழைய சட்டமே.

அதை மாற்றும்படி கேட்டவர் ருக்மிணி தேவி அருண்டேல். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சதிர் பயின்று, 1935இல் அடையாற்றில் அரங்கேறி, மறு ஆண்டு கலாக்ஷேத்திராவைத் தொடங்கியவர் என்ற அளவில் இலக்கிய வாசகர்கள் அவரை அறிவார்கள். தஞ்சைத் தரணியின் கலையைப் பெற்றுக்கொண்ட அவர், 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அமைச்சர் பதவியோ கட்சிப் பலமோ அவருக்கு இல்லை. தனிநபர் மசோதா என்ற ஒரே கருவி இருந்தது. 1953இல் அவர் கொண்டுவந்த பிராணிவதைத் தடை மசோதா அவையின் கவனத்தை ஈர்த்தது. அரசே விரிவான சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதியளித்ததன் பேரில் அவர் அதைத் திரும்பப் பெற்றார். பிறகு குழு, அறிக்கை, அரசு மசோதா என்று ஆண்டுகள் கழிந்து, 1960இல் சட்டம் நிறைவேறியது. 1962இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு விலங்குநல வாரியம் அமைந்தபோது அவரே அதன் முதல் தலைவரானார்.

கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. விலங்குகள் மீதான ஆய்வுகள் சட்டவிரோதமாக்கப்படவில்லை. அவற்றைக் கண்காணிக்கக் குழு அமைக்க மட்டும் வழி செய்யப்பட்டது. சமயம் விதித்த முறையில் உயிர்பலி இடுவது குற்றமாகாது என்று 28ஆம் பிரிவு கூறுகிறது. கொம்பு நீக்குதல், காயடித்தல், சூடு போடுதல், மூக்கணாங்கயிறு குத்துதல் ஆகியவை விதிகளில் வகுக்கப்படும் முறைப்படி நடந்தால் குற்றமில்லை என்று 11ஆம் பிரிவு விலக்களிக்கிறது. நாகை, திருவாரூர் பகுதிகளுக்கே உரிய உம்பளாச்சேரி மாடுகளுக்குக் கொம்பு தீய்ப்பதும், காது நறுக்குவதும், சூடு போடுவதும் வழிவழி வந்த பழக்கங்கள். ஆழச் சேற்றில் ஏர் இழுத்த அந்த மாடுகளுக்கு வலிக்காத முறை எது என்று சொல்லத் தக்கவர்கள் கால்நடை மருத்துவரும், அவற்றை வளர்க்கும் உழவருமே. ஆனால் டெல்டாவின் உழவரிடம் அதைக் கேட்டவர் யார்?

கேட்காமல் இயற்றிய சட்டத்துக்கு என்ன நேரும் என்பதையும் தமிழகம் கண்டிருக்கிறது. 1950இல் சென்னை மாகாணம், கோயில்களில் ஆடு கோழி பலியிடுவதைத் தடைசெய்து சட்டம் செய்தது. ஐயனார், காளி, முனீசுவரன் கோயில்களில் கிடாவெட்டு வழக்கம்போல் தொடர்ந்தது. சட்டம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உறங்கியது. 2003 ஆகஸ்டில் அன்றைய அரசு அதைக் கடுமையாக நடைமுறைப்படுத்த ஆணையிட்டது. கிராமத்து வழிபாட்டின் மீது மேலோர் வழிபாட்டு நெறியைத் திணிப்பதாக எதிர்ப்பு எழுந்தது. 2004 பிப்ரவரியில், மக்களவைத் தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு, சட்டமே நீக்கப்பட்டது. விலங்குகளுக்காகப் பேசியவர்கள் பலிபீடத்தருகே நிற்பவரிடம் பேசியிருக்கவில்லை. அதனால் அச்சட்டத்தைக் காக்க ஊரில் ஒருவரும் முன்வரவில்லை.

எண்ணிக்கை திரண்டால் சட்டமன்றம் எவ்வளவு விரைவாக அசையும் என்பதை 2017 ஜனவரி காட்டியது. 2014இல் உச்ச நீதிமன்றம் தடுத்த ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூட்டம் கூடியது. ஜனவரி 21இல் அவசரச் சட்டம், 23இல் பேரவையில் மசோதா. 2023 மே 18இல் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றது. காளையைக் காக்கவே தடை கேட்டோம் என்றது ஒரு தரப்பு. நாட்டுக் காளையினம் பிழைக்கவே விளையாட்டைக் கேட்கிறோம் என்றது மறு தரப்பு. எவர் சொன்னது சரி என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆயினும் அந்தக் காளையின் உடலுக்கு நேர்வதைப் பற்றிய நிதானமான பேச்சு அந்த ஆரவாரத்தில் அடங்கிப்போனது என்பதை இரு தரப்பும் மறுக்க இயலாது.

அப்படியானால் தனியொரு குடிமகன் செய்யக்கூடியது என்ன? பிராணிவதைத் தடுப்பு அரசியல் சாசனத்தின் பொதுப்பட்டியலில் 17ஆவது இனமாக உள்ளது. ஆகவே தஞ்சைக்காரர் தம் சட்டமன்ற உறுப்பினரையும் கேட்கலாம், நாடாளுமன்ற உறுப்பினரையும் கேட்கலாம். பேரவையில் மனுக்கள் குழு இருக்கிறது. தனிநபர் மசோதாவுக்கு அவைகள் நேரம் ஒதுக்குகின்றன. மாவட்டந்தோறும் பிராணிவதைத் தடுப்புச் சங்கம் இருக்க வேண்டும் என்று 2001ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. நம் மாவட்டத்தில் அது இயங்குகிறதா என்று கேட்பதே முதல் மனுவாக அமையலாம். ருக்மிணி தேவியின் காலத்தில் முதல் குற்றத்துக்கு விதித்த ஐம்பது ரூபாய் வரையான அபராதம், அறுபது ஆண்டுகள் கழிந்தும் அப்படியே இருந்தது. அதை உயர்த்தும் திருத்த வரைவு 2022 நவம்பரில் மக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டது. அத்தகைய அறிவிப்புக்குச் சில வாரங்களே அவகாசம் தரப்படுகிறது. வண்டிக்காரரும் கிடைபோடும் கீதாரியும் அவற்றைப் படிப்பதில்லை. படிக்கும் நாம் எழுதுவதில்லை.

அரசு மனு வாங்கும் நாளுக்கு மனுநீதி நாள் என்று பெயர். பட்டாவுக்கும் ஓய்வூதியத்துக்கும் முதியவர்கள் அங்கே வரிசையில் நிற்கிறார்கள். அவ்வரிசையில் பாரம் ஏற்றிய மாட்டுக்காகவும் ஒருவர் நிற்கலாம். நிற்பதற்கு முன், அந்த மாட்டை ஓட்டுபவரிடம் சற்று நேரம் பேசிவிட்டு வந்தால், அவர் கொடுக்கும் மனு 1950ஆம் ஆண்டுச் சட்டத்தைவிட நெடுநாள் நிலைக்கும்.