தென்துருவக் கடற்பயணங்கள்: இந்தியப் பெருங்கடல் வழி

அண்டார்க்டிகாக் கண்டத்துக்கும் அதைச் சூழ்ந்த தென்பெருங்கடலின் தனித் தீவுகளுக்கும், பனிக்கட்டிகளிடையே செல்லும் வலுவுள்ள கப்பல்களில் மேற்கொள்ளப்படும் பயணங்களே தென்துருவக் கடற்பயணங்கள். தென் அமெரிக்காவின் நுனியிலிருந்து புறப்படுபவை பெரும்பாலும் சுற்றுலாப் பயணங்கள். இந்தியப் பெருங்கடல் வழியாகச் செல்பவை பெரும்பாலும் அறிவியல் பயணங்களும், ஆய்வு நிலையங்களுக்குப் பொருள் ஏற்றிச் செல்லும் பயணங்களும் ஆகும். இந்தியா 1981 முதல் இவ்வழியைப் பயன்படுத்தி வருகிறது.

இந்தக் கடல் தமிழ்நாட்டுக்கு அந்நியமானதல்ல. திருவண்ணாமலை கிழக்குத் தீர்க்கரேகை 79 பாகைக்குச் சற்றுக் கிழக்கே அமைந்திருக்கிறது. அந்தக் கோட்டிலேயே நேர் தெற்காகப் போனால் தஞ்சாவூரை ஒட்டிக் கடந்து, மண்டபத்துக்கு அருகே மன்னார் வளைகுடாவில் இறங்கலாம். அதன்பிறகு பனிக்கண்டம் வரை அந்தக் கோட்டில் நிலம் என்று எதுவுமே இல்லை. ஆம்ஸ்டர்டாம், செயின்ட் பால் என்ற இரு சிறு பிரெஞ்சுத் தீவுகள் மட்டும் மேற்கே சற்றுத் தள்ளிக் கிடக்கின்றன. சுமார் 9,000 கிலோமீட்டர் கடந்து அந்தக் கோடு கரையேறும் இடத்துக்கு 200 கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில் இந்தியாவின் 'பாரதி' ஆய்வு நிலையம் நிற்கிறது. அண்ணாமலையார் கோயிலில் கார்த்திகை தீபம் ஏற்றப்படும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் அங்கே கோடை தொடங்குகிறது. கப்பல்கள் புறப்படும் பருவமும் அதுவே.

ஒட்டியிருந்த நிலங்கள்

சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்தியத் தீபகற்பமும் கிழக்கு அண்டார்க்டிகாவும் கோண்டுவானா என்ற பெருங்கண்டத்தில் ஒட்டியிருந்தன. அதற்கான சான்றுகளில் ஒன்று தமிழ்நாட்டில் காலடியிலேயே கிடக்கிறது. சென்னையை அடுத்த பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளின் கருநிறப் பாறையை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து 1893-ல் அதற்குச் சார்னோகைட் என்று பெயரிட்டார். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல் அதே வகைப் பாறை என்பதே இப்பெயருக்குக் காரணம். இந்தப் பாறை திருவண்ணாமலை மாவட்டத்திலும் உண்டு. கிழக்கு அண்டார்க்டிகாவின் மலைகளிலும் உண்டு. பனியின் அடியிலுள்ள நிலத்தைப் புரிந்துகொள்ள நம் ஊர்க் குன்றுகளைப் படித்த நிலவியலாளர்களின் அறிவு நேரடியாகப் பயன்படுகிறது. இந்தியப் பயணக் குழுக்களில் தொடக்கம் முதலே இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினருக்கு இடம் இருந்ததில் வியப்பில்லை.

கடலின் தன்மை

தென் அகலக்கோடு 40 பாகையைத் தாண்டினால் காற்றைத் தடுக்க நிலம் ஏதுமில்லை. மேற்கிலிருந்து வீசும் காற்று உலகைச் சுற்றிச் சுற்றி வந்து அலைகளை உயர்த்துகிறது. நாற்பதுகள், ஐம்பதுகள், அறுபதுகள் என்று மாலுமிகள் அச்சத்தோடு பிரித்துச் சொல்லும் பட்டைகள் இவை. உலகின் ஆகப் பெரிய நீரோட்டமும் இங்கேதான் அண்டார்க்டிகாவைச் சுற்றி ஓடுகிறது. 50-க்கும் 60-க்கும் இடைப்பட்ட பகுதியில் வடக்கிலிருந்து வரும் வெப்பமான நீரும் தெற்கின் குளிர்ந்த நீரும் சந்திக்கின்றன. அந்த எல்லையைக் கடக்கும்போது கடல்நீரின் வெப்பநிலை சட்டென்று இறங்கும், மூடுபனி சூழும், பறவைகளின் வகைகூட மாறிவிடும். கிரில் என்னும் சிறு கூனி வகை இங்கே பெருந்திரளாக வாழ்கிறது. திமிங்கிலம், சீல், பெங்குவின் எல்லாம் அதை நம்பியே இருக்கின்றன.

நம் மழைக்கும் தெற்கிலே ஒரு வேர் இருக்கிறது. தென் இந்தியப் பெருங்கடலில், மஸ்கரீன் தீவுகளின் பக்கம் உருவாகும் உயர் அழுத்த மண்டலத்திலிருந்து கிளம்பும் காற்றே நிலநடுக்கோட்டைக் கடந்து தென்மேற்குப் பருவக்காற்றாக இந்தியாவை அடைகிறது. இந்தியா தென்பெருங்கடலுக்கு ஆய்வுக் கப்பல் அனுப்புவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

தனித் தீவுகள்

இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் கெர்கெலன், குரோசே ஆகியவை பிரான்சிடமும், ஹேர்டு, மெக்டொனால்டு ஆகியவை ஆஸ்திரேலியாவிடமும், மேரியன், பிரின்ஸ் எட்வர்ட் ஆகியவை தென்னாப்பிரிக்காவிடமும் உள்ளன. எதிலும் நிரந்தரக் குடிகள் இல்லை.

இவற்றுள் பெரியது கெர்கெலன். அதன் முதன்மைத் தீவு மட்டுமே திருவண்ணாமலை மாவட்டத்தைவிடச் சற்றுப் பெரியது. 1772 பிப்ரவரியில் அதைக் கண்ட பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி இவ்-ஜோசப் டி கெர்கெலன், வளமான ஒரு தென்கண்டத்தையே கண்டுபிடித்துவிட்டதாக நாடு திரும்பிச் சொன்னார். இரண்டாம் பயணத்தில் உண்மை வெளிப்பட்டது. அவர் விசாரிக்கப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார். 1776 கிறிஸ்துமஸ் நாளில் அங்கே நங்கூரமிட்ட ஜேம்ஸ் குக் கண்டது மரமே இல்லாத வெற்று நிலம். ஆனால் அங்கே விளையும் ஒரு காட்டு முட்டைக்கோசு, வைட்டமின் சி குறைவால் ஈறு வீங்கிச் சாகவிருந்த மாலுமிகள் பலரைக் காப்பாற்றியிருக்கிறது. இந்தத் தீவுகளைப் படைத்த எரிமலைத் துடிப்புக்கு இந்தியத் தொடர்பும் உண்டு: ஜார்கண்டின் ராஜ்மகால் எரிமலைப் பாறைகளும் அதே ஊற்றோடு தொடர்புடையவை என்பது நிலவியலாளர் பலரின் முடிவு.

தீவுகளுக்கு நேர்ந்த அழிவு பெரும்பாலும் வந்துபோனவர்களால் நேர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டு வேட்டைக்காரர்கள் ரோமத்துக்காகச் சீல்களைக் கிட்டத்தட்ட அடியோடு ஒழித்தார்கள். 1874-ல் கெர்கெலனில் விடப்பட்ட முயல்கள் அந்த முட்டைக்கோசையே தின்று தீர்த்தன. மேரியன் தீவில் எலியைப் பிடிக்க 1949-ல் கொண்டுவந்த ஐந்து பூனைகள் 1970-களில் ஆயிரக்கணக்கில் பெருகிப் பறவைகளை அழித்தன. அவற்றை முற்றிலும் நீக்க 1991 வரை ஆயிற்று. பூனை போனபின் சுண்டெலிகள் மிஞ்சின. இப்போது அவை கூட்டில் உட்கார்ந்திருக்கும் அல்பட்ராஸ் குஞ்சுகளை உயிரோடு கொறிக்கின்றன. இத்தகைய இடத்துக்குப் போகும் எவருக்கும் காலணியில் ஒட்டிய ஒரு விதைகூடச் சிறு விஷயமல்ல. ஹேர்டு, மெக்டொனால்டு தீவுகள் 1997-லும், பிரெஞ்சுத் தீவுகள் 2019-லும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

குரோசே, கெர்கெலன், ஆம்ஸ்டர்டாம் நிலையங்களுக்கு உணவும் எரிபொருளும் ஆட்களும் கொண்டுசெல்வது 'மரியன் டுஃப்ரேன்' என்ற பிரெஞ்சுக் கப்பல். ஆண்டுக்குச் சில முறை நடக்கும் அந்தப் பயணத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கும் மிகச் சில இடங்கள் உண்டு. அது புறப்படும் ரீயூனியன் தீவு, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களின் வழித்தோன்றல்கள் பெருமளவில் வாழும் இடம். அங்கே இன்றும் காவடி எடுக்கிறார்கள், தீ மிதிக்கிறார்கள். தென்துருவத்தை நோக்கிய வழியில் தமிழ் மரபு உயிரோடிருக்கும் கடைசிக் கரைகளில் ஒன்று அது.

இந்தியப் பயணங்கள்

அண்டார்க்டிகா பற்றிய கேள்வியை 1956-லேயே இந்தியா ஐக்கிய நாடுகள் அவையில் எழுப்ப முயன்றது. இந்தியர்கள் தனித்தனியாகப் பிற நாட்டுக் குழுக்களோடு அங்கே போகத் தொடங்கியது 1960-ஐ ஒட்டி. பரம்ஜித் சிங் செஹ்ரா 1970-களின் தொடக்கத்தில் சோவியத் குழுவோடு அங்கே குளிர்காலம் முழுவதும் தங்கினார். சொந்தக் கொடியோடு இந்தியா சென்றது அதற்குச் சுமார் பத்தாண்டுகள் கழித்து.

1981 டிசம்பர் 6 அன்று கோவாவிலிருந்து 'போலார் சர்க்கிள்' என்ற நார்வேக் கப்பல், கடலியலாளர் எஸ். இசட். காசிம் தலைமையில் 21 பேரோடு வெளியே அதிகம் தெரியாமல் புறப்பட்டது. மொரீஷியஸில் நின்று சென்ற குழு 1982 ஜனவரி 9 அன்று பனிக்கரையில் இறங்கியது. பிப்ரவரி 21-ல் கோவா திரும்பியது. அந்தப் பயணத்தின் துணிவை இன்று முழுமையாக உணர்வது கடினம். பனிக்கடலில் கப்பல் செலுத்திய அனுபவமே இல்லாத ஒரு வெப்பமண்டல நாடு, வாடகைக் கப்பலில் சென்று முதல் முறையே நினைத்ததைச் செய்து திரும்பியது. 1983 ஆகஸ்டில் இந்தியா அண்டார்க்டிக் உடன்படிக்கையில் சேர்ந்தது. அடுத்த மாதமே முடிவெடுக்கும் உரிமையுள்ள ஆலோசனை உறுப்பினராகியது.

ஹர்ஷ் குப்தா தலைமையில் 1983-84-ல் சென்ற மூன்றாம் பயணத்தில் 'தட்சிண் கங்கோத்ரி' நிலையம் கட்டப்பட்டது. கடலியலாளர் அதிதி பந்த், நிலவியலாளர் சுதீப்தா சென்குப்தா ஆகிய இருவரும் இந்திய அண்டார்க்டிகாப் பயணக் குழுவில் இடம்பெற்ற முதல் பெண்கள். மிதக்கும் பனித்தட்டின் மேல் நின்ற அந்நிலையம் சில ஆண்டுகளிலேயே பனியில் புதையத் தொடங்கியதால் 1990-ல் கைவிடப்பட்டது. அதற்குள் பாறைநிலத்தில், ஷிர்மாக்கர் என்ற பனியற்ற திட்டில், பிரியதர்ஷினி ஏரிக்கரையில் 'மைத்ரி' எழுந்திருந்தது. 'பாரதி' 2012 மார்ச்சில் தொடங்கப்பட்டது. 134 சரக்குப் பெட்டகங்களை அடுக்கி, வெளியே உறை போர்த்தி அதைக் கட்டினார்கள். இஸ்ரோவின் செயற்கைக்கோள் தரவு வாங்கும் நிலையமும் அங்கே இயங்குகிறது. இஸ்ரோ விஞ்ஞானி மங்களா மணி 2016-17-ல் 403 நாட்கள் அங்கே பணியாற்றினார்.

இந்த வரலாற்றுக்கு ஒரு விலையும் உண்டு. 1990 ஜனவரி 8 அன்று ஹம்போல்ட் மலைகளில் கூடாரமிட்டிருந்த ஒன்பதாம் குழுவின் நிலவியலாளர் மூவரும் கடற்படைத் தகவல்தொடர்பாளர் ஒருவரும் விபத்தில் இறந்தனர். அவர்களுக்காக அங்கே பதிக்கப்பட்ட நினைவுக் கல், உடன்படிக்கை நாடுகளின் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னங்களுள் ஒன்று.

பயணங்களை இப்போது நடத்துவது கோவாவின் வாஸ்கோட காமாவிலுள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆய்வு மையம். தேர்வானவர்களுக்கு டெல்லி எய்ம்ஸில் உடற்பரிசோதனையும், உத்தராகண்டின் ஔலியில் பனிப் பயிற்சியும் உண்டு. கோடைக் குழுவினர் பலர் கேப் டவுனிலிருந்து விமானத்தில் போய்விடுகிறார்கள். ஓர் ஆண்டுக்கான எரிபொருளும் உணவும் கப்பலில்தான் போக வேண்டும். தீவுகளுக்கும் கண்டத்துக்கும் இடைப்பட்ட கடலை ஆராயும் தென்பெருங்கடல் பயணங்கள் 2004-ல் 'சாகர் கன்யா' கப்பலோடு தொடங்கின. சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசிய பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் இயக்கும் 'சாகர் நிதி' பின்னர் தெற்கே 66 பாகை வரை சென்றது. அங்கு எட்டிய முதல் இந்தியக் கொடி ஆய்வுக் கப்பல் அதுவே. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடங்களில் இந்தக் கப்பலுக்கு ஒரு பத்தியாவது இருக்க வேண்டும்.

சுற்றுலாவும் சட்டமும்

இன்றைய பாணித் தென்துருவச் சுற்றுலாவை 1966-ல் தொடங்கிவைத்தவர் லார்ஸ்-எரிக் லிண்ட்பிளாட். அர்ஜென்டினாவின் உஷுவையாவிலிருந்து டிரேக் நீரிணையை இரண்டு நாளில் கடந்து அண்டார்க்டிகத் தீபகற்பத்தை அடைவது இன்றைய வழக்கமான பாதை. கப்பலிலிருந்து ரப்பர்ப் படகுகளில் கரைக்குப் போவார்கள். ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் ஓரிடத்தில் இறங்கக் கூடாது. 500-க்கு மேல் பயணிகள் உள்ள கப்பல் ஆட்களை இறக்கவே கூடாது. இறங்குமுன் காலணிகளைக் கிருமிநாசினியில் கழுவி, உடையின் மடிப்புகளில் விதை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். 2007 நவம்பரில் 'எக்ஸ்புளோரர்' கப்பல் பனியில் மோதி மூழ்கியது. அனைவரும் உயிர் தப்பினர். 2011 முதல் 60 பாகைக்குத் தெற்கே கனரக எண்ணெயைப் பயன்படுத்தத் தடை உள்ளது. 2022-23 பருவத்தில் பயணிகள் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. பறவைக் காய்ச்சல் 2023 அக்டோபரில் தெற்கு ஜார்ஜியாவையும், 2024 தொடக்கத்தில் கண்டத்தையும் எட்டியபின் கட்டுப்பாடுகள் இன்னும் இறுகின.

இந்தியாவின் அண்டார்க்டிக் சட்டம் 2022-ல் நிறைவேறியது. இந்தியாவிலிருந்து ஏற்பாடாகும் பயணக் குழுக்களுக்கு, சுற்றுலாக் குழு உட்பட, அதன்படி அனுமதிச் சீட்டு வேண்டும். கனிமம் தோண்டுவதும் அயல் உயிரினங்களைக் கொண்டுபோவதும் குற்றம். 2024 மே மாதம் கொச்சியில் கூடிய உடன்படிக்கை நாடுகளின் 46-ஆவது கூட்டத்தில் சுற்றுலாவை ஒழுங்குபடுத்துவதற்கென்றே தனிப் பேச்சுவார்த்தை தொடங்கியது. பழைய மைத்ரிக்குப் பதிலாக 'மைத்ரி-2' கட்டும் திட்டத்தையும் இந்தியா அங்கே முன்வைத்தது.